நாலு விரல் இறக்கம்

ஏரிக்கரை மைதானத்தில் நின்றிருந்த அந்த வீட்டு வண்டி, தினமும் காலை ஏழு மணிக்கும் ஏழரைக்கும் நடுவில் கதவுப் பக்கமாக நாலு விரல் இறங்கியது. ஏன் இறங்குகிறது என்று வண்டிக்காரர் மூளையைக் கசக்கிக்கொண்டிருந்தார். காரணம் தெரிந்த ஒரே ஆள் அவருடைய மனைவி. அவளை யாரும் நேராகக் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லும் பழக்கம் அவளுக்குக் கிடையாது.

அவள் முப்பத்தொரு வருஷம் குடிநீர் வாரியத்தில் புகார் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள். அரை முழ உயரத்துக்கு ஒரு ஜன்னல். அந்தப் பக்கம் தண்ணீர் வராதவர்கள், இந்தப் பக்கம் அவள். பொய்யும் சொல்லாமல், விஷயத்தையும் சொல்லாமல் ஒரு ஆளை வீட்டுக்கு அனுப்பிவைப்பது எப்படி என்பதை அந்த நாற்காலியில்தான் கற்றுக்கொண்டாள். “பாத்துக்கிட்டிருக்காங்க”, “மேல அனுப்பியாச்சு”, “இன்னும் பதில் வரல.” இந்த மூன்றும் எந்தக் காலத்திலும் பொய்யாவதில்லை. அலுவலகத்தில் அவளுக்குப் புகாரம்மா என்றே பெயர். இத்தனைக்கும் அவள் தன் வாழ்நாளில் யார் மீதும் ஒரு புகார் கொடுத்ததில்லை. தன் வலது முழங்கால் மீது உட்பட.

முழங்கால் கெட்டுப்போய் இரண்டு மாதம் ஆகிறது. ஏறுவதில் அவ்வளவு கஷ்டமில்லை, கைப்பிடியைப் பிடித்து உடம்பை இழுத்துக்கொள்ளலாம். இறங்குவதில்தான் உயிர் போயிற்று. அதிலும் கடைசிப் படியிலிருந்து தரைக்கு வைக்கும் அந்த ஒரு எட்டு. காலை ஊன்றும்போது உள்ளே ‘டக்’ என்று ஏதோ ஒன்று இடம் மாறி, பிறகு போனால் போகிறது என்று திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இதைக் கணவனிடம் சொல்லாததற்குக் காரணம் இருந்தது. வண்டி வாங்கிய அன்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். “உனக்கு என்னைக்கு ஏறி இறங்க முடியலையோ அன்னைக்கே இத வித்துட்டு பொண்ணு வீட்டுக்குப் போயிடலாம். நீ வாயத் திறந்து சொன்னா போதும்.” அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அவர் சொன்னதைச் செய்கிற ரகம். மகள் வீடு ஒன்பதாவது மாடி. அங்கே ஓர் அறை தயாராக இருந்தது, அதன் ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர். வண்டியிலோ கட்டிலின் நீளத்துக்கு ஒரு ஜன்னல். இந்த வாரம் அதில் ஏரி தெரியும், அடுத்த வாரம் வேறென்னவோ தெரியும். அரை முழ ஜன்னலில் முப்பத்தொரு வருஷம் அடுத்தவர் முகத்தைப் பார்த்தவளுக்கு, இந்த ஜன்னலை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. அவ்வளவுதான் விஷயம். இதில் தியாகம் கியாகம் எதுவும் கிடையாது.

அவருடைய கதை வேறு. அவர் பேருந்துப் பணிமனையில் காற்றுக் குழாய் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பேருந்தின் பிரேக், கதவு, சஸ்பென்ஷன் எல்லாமே காற்றில் ஓடுபவை. எங்கே காற்று கசிந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட வேண்டிய அவசியம்கூட இல்லை. வண்டி வாசலில் நுழையும்போதே “பின்னாடி இடது சக்கரம், மேல் கனெக்‌ஷன்” என்று டீ கிளாஸைக் கீழே வைக்காமல் சொல்லுவார். பணிமனையில் அவருக்குப் பாம்புக்காது என்று பெயர். ஓய்வு பெற்ற நாளில் மாலை போட்டு, கடிகாரம் கொடுத்து, அந்தப் பெயரைச் சொல்லித்தான் பேசினார்கள். கடிகாரத்தைவிட அவர் அந்தப் பெயரைத்தான் பத்திரமாக வைத்திருந்தார்.

வீட்டு வண்டியும் ஒரு பேருந்தின் அடிச்சட்டத்தில் கட்டப்பட்டதுதான். மேலே கட்டில், அடுப்பு, சின்னக் குளியலறை. கீழே நாலு மூலைக்கு நாலு ரப்பர் காற்றுப் பைகள், ஒவ்வொன்றும் பெரிய பானை அளவு. வீடு மொத்தமும் அந்த நாலு பை காற்றின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு பையோடும் ஒரு சின்ன டேங்க் சேர்ந்திருக்கும். காற்றை அமுக்கினால் அதிலுள்ள ஈரம் தண்ணீராகி டேங்கின் அடியில் தேங்கும். தேங்கினால் துரு, அடைப்பு, எல்லா வில்லங்கமும் வரும். அதனால் டேங்கின் அடியில் ஒரு வால்வு, அதில் ஒரு கம்பி, கம்பி முனையில் சாவி வளையம் போல ஒன்று. மாதம் ஒன்றாம் தேதி அவர் நாலு வளையத்தையும் இழுத்துத் தண்ணீரை வெளியேற்றுவார். வண்டிக்கு அடியில் தவழ வேண்டாம் என்று கம்பிகளை நீட்டி, வளையங்களை வண்டியின் ஓரத்துக்கே கொண்டுவந்தவரும் அவர்தான். கதவுப் பக்கத்துப் பின்மூலை வளையம் படிக்கு ஒரு கை தூரத்தில் தொங்கியது.

“வளையத்த இழுத்தா தண்ணி வரும், கூடவே காத்தும் வரும். அந்த மூலை இறங்கிடும். பயப்படாத. இன்ஜின ஓட்டினா கம்ப்ரஸர் திரும்ப ஏத்திடும்” என்று வாங்கிய வாரமே அவளுக்குப் பாடம் எடுத்தார். அவர் எல்லோருக்கும் பாடம் எடுப்பார். யாரும் இவ்வளவு கவனமாகக் கேட்டிருப்பார்கள் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

ஏரிக்கரைக்கு நாலு நாள் தங்கத்தான் வந்தார்கள். வந்த அன்றே அவளுக்கு ஒன்று புரிந்துவிட்டது. மைதானத்தின் தரை கதவுப் பக்கம் சரிந்திருந்தது. படிக்கும் தரைக்கும் நடுவில் வழக்கத்தைவிட நாலு விரல் கூடுதல். ஒரு முக்காலி போட்டால் தீர்ந்தது. ஆனால் முக்காலி எதற்கு என்று கேள்வி வரும். அதனால் மறுநாள் காலை அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்துக் குளியல் கொட்டகைக்குப் போனதும், அவள் மேல்படியில் உட்கார்ந்து, குடையின் வளைந்த கைப்பிடியை வளையத்தில் மாட்டி, மெல்ல இழுத்தாள். புஸ்ஸென்ற சத்தத்தோடு நாலு சொட்டுத் தண்ணீர் சரளைக்கல்லில் விழுந்து மறைந்தது. வீடு அவளுக்காகக் கொஞ்சம் குனிந்தது. நூறடி தள்ளி பாம்புக்காது தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்ததால் எதுவும் கேட்கவில்லை.

இழுப்பதற்கு முன் அவள் ஒன்றை மட்டும் தவறாமல் பார்ப்பாள். அவருடைய செருப்பு வண்டிப் பக்கத்தில் கிடக்கிறதா என்று. அவர் வண்டிக்கு அடியில் போகும்போது செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டுத்தான் போவார். செருப்பு இருந்தால் வளையத்தைத் தொடமாட்டாள்.

அவர் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டார். குளித்துவிட்டு வந்தவர் துண்டால் காதைத் துடைத்துக்கொண்டே நின்றார். சக்கரத்துக்கும் மேல் வளைவுக்கும் நடுவில் விரல்களை வைத்து அளந்தார். எதிர்ப்பக்கம் போய் அளந்தார். திரும்ப வந்தார்.

“வண்டி உக்காருதும்மா.”

“அப்படியா.”

“நாலு விரல். எங்கியோ லீக்.”

“பாத்துடுங்க” என்றாள் புகாரம்மா. இதிலும் பொய் எதுவும் இல்லை.

“லீக்கோட வண்டிய ரோட்டுல ஏத்தமாட்டேன். கண்டுபிடிச்சிட்டுத்தான் கிளம்பணும்.”

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. நாலு நாளை ஓட்டுவதற்காகச் செய்த காரியம், அவளுக்கு ஆகாத அந்த ஒரே தரையில் அவளைக் கட்டிப்போட்டது. இங்கே இருக்கும்வரை இழுத்தாக வேண்டும். இழுக்கும்வரை இங்கேயேதான் இருந்தாக வேண்டும்.

அவர் ஒரு நோட்டை எடுத்து முதல் பக்கத்தில் எழுதினார். ஒன்று: கதவுப் பக்கம் இறங்குகிறது. இரண்டு: படியில் அவ்வப்போது ‘டக்’ என்று சத்தம், காரணம் தெரியவில்லை. இரண்டாவது சின்ன விஷயம் என்பதால் உடனே படியின் கீல்களுக்கு எண்ணெய் போட்டு முடித்தார். மறுநாளும் சத்தம் வந்தது. திரும்பவும் எண்ணெய் போட்டார்.

முதல் விஷயத்துக்குச் சோப்புத் தண்ணீரும் பிரஷும் எடுத்தார். கட்டைகளை முட்டுக் கொடுத்து, செருப்பைக் கழற்றிவிட்டு அடியில் போனார். கட்டை வைக்காமல் ஒருநாளும் தலையை உள்ளே நீட்டியதில்லை. காற்று போனால் வண்டி உட்காரும், உட்காரும்போது கீழே யார் தலை என்று பார்க்காது. பையின் மடிப்பு, குழாய், இணைப்பு, உயரத்தைச் சரிபார்த்துக் காற்று விடும் லெவலிங் வால்வு என்று எல்லாவற்றுக்கும் சோப்பு தடவிக் குமிழிக்காகக் காத்திருந்தார். குமிழி வரவில்லை. ஒரு ரப்பர் டியூபின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை ஒவ்வொரு இடமாகக் கொண்டுபோனார். ஒரு சத்தமும் இல்லை. இருந்தால்தானே வரும்.

வளையம் தொங்கும் வால்வுக்கும் சோப்பு போட்டுப் பார்த்தார். இழுத்து மட்டும் பார்க்கவில்லை. லீக் தேடும்போது மூடியிருப்பதைத் தொடக்கூடாது என்பது பணிமனைச் சட்டம். நடுவில் ஒன்றாம் தேதி வந்தபோதும் அந்தச் சட்டப்படி தண்ணீர் திறப்பதைத் தள்ளிப்போட்டார். நாற்பது வருஷப் பழக்கம் அவரை அந்த வளையத்துக்கு அரை அடி தூரத்தில் நிறுத்தி வைத்தது.

பிறகு கோட்பாடுகள் ஆரம்பமாயின. ராத்திரி முழுக்க நிற்கிற வண்டி காலையில் இறங்குகிறது என்றால் வெயில்தான் காரணம், வெயில் பட்டு ரப்பர் விரிகிறது என்றார். வண்டியைத் திருப்பி நிறுத்தினார். கதவுப் பக்கத்தில் நிழல் விழுந்தது. இப்போது கதவு மேட்டுப் பக்கம் வந்துவிட்டது, தரை கிட்டே இருக்கும் என்று அவள் ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டாள். ஆனால் படிக்கு நேர் கீழே ஏதோ பழைய சக்கரத்தடத்தின் பள்ளம், உயரம் அதே உயரம்தான். வண்டி நிழலிலும் இறங்கியது. அடுத்து பையை மாற்றினார். பிறகு லெவலிங் வால்வை மாற்றினார். காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டிரையர் டப்பாவையும் கையோடு மாற்றினார். ஒரு பாவமும் அறியாத பழைய சாமான்கள் ஒரு அட்டைப்பெட்டியில் சேர்ந்துகொண்டே போயின.

“இன்னைக்கும் இறங்கிடுச்சா?” என்று அவள் கேட்பாள்.

“இறங்கிடுச்சு” என்பார். குரலில் நாளுக்கு நாள் காற்று குறைந்துகொண்டே வந்தது.

இரண்டாவது வாரக் கடைசியில் ஒரு முடிவோடு நாற்காலியைப் போட்டுச் சக்கரத்துக்கு எதிரே உட்கார்ந்தார். குளிக்கப் போகவில்லை. காலை ஆறு மணியிலிருந்து பகல் ஒரு மணி வரை, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சக்கரத்தையே பார்த்தார். அவள் உள்ளே கட்டிலில் உட்கார்ந்து ஏரியைப் பார்த்தாள். வண்டி ஒரு நூல்கூட அசையவில்லை. மறுநாள் குளிக்கப் போனார், திரும்பி வந்தார், நாலு விரல்.

அன்று சாயங்காலம் அவர் தன் பிரிவுபசாரக் கடிகாரத்தைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். “என் பின்னாடி நின்னு காதுகிட்ட பிடி. சொல்லாம பிடி, சொல்லாம எடு.”

அவள் பிடித்தாள்.

“கேக்குது” என்றார்.

எடுத்தாள்.

“இப்ப இல்ல.”

தள்ளி, ஒரு கை நீளத்தில் பிடித்தாள். “கேக்குது.” எல்லாம் சரியாக இருந்தது. அவர் திரும்பி, கடிகாரத்தை வாங்கிக்கொண்டார்.

“கடிகாரம் கேக்குது. லீக் கேக்கல. லீக் கேக்காத காது எனக்கு எதுக்கு?”

தான் ஒரு மனிதனின் காதைத் திருடி வைத்துக்கொண்டு, தினமும் காலையில் அதையே குடையால் குத்திக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

“வித்துடலாம்மா” என்றார் அவர். “இருக்கற லீக்க எப்படியும் பிடிச்சிடலாம். வந்து வந்து போற லீக்க நம்பவே முடியாது. மலைப் பாதையில திரும்பும்போது வந்துச்சுன்னா? உன்ன வச்சிக்கிட்டு ஓட்டறேன், என்னால கேக்க முடியாத ஒண்ணு கீழ ஓடிக்கிட்டிருக்கு. தம்பிக்கு ஃபோன் போட்டுட்டேன். ஞாயித்துக்கிழம வரான்.”

அவள் வாயை மூடிக்கொண்டாள். சொன்னால் முழங்காலுக்காக விற்பார். சொல்லாவிட்டால் காதுக்காக விற்பார். இரண்டு பாதையும் ஒன்பதாவது மாடியில்தான் போய் முடிந்தன.

இழுப்பதை நிறுத்தினால் சரியாகிவிடும் என்று அப்போதும் ஒரு நப்பாசை. ஐந்து நாள் அவள் குடையைத் தொடவில்லை. தரையிலும் கால் வைக்கவில்லை. தலைவலி என்றாள் ஒரு நாள், புத்தகம் என்றாள் இன்னொரு நாள். தலை உண்மையாகவே வலித்தது, புத்தகமும் உண்மையாகவே கையில் இருந்தது. வண்டி ஐந்து நாளும் மட்டமாக நின்றது. அவர் முகம் தெளியவில்லை, இன்னும் இருண்டது. நோட்டில் எழுதினார்: ஒன்று, இறங்கவில்லை. இரண்டு, ‘டக்’ சத்தமும் வரவில்லை.

“ரெண்டும் ஒண்ணா நின்னுடுச்சு. எனக்கு இதுதான் பயமா இருக்கு” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கொழுந்தன் தன் சரக்கு வேனில் வந்து இறங்கினான். நல்லவன்தான். ஆனால் எதைப் பார்த்தாலும் அதில் ஒரு கடை தெரியும் அவனுக்கு. கையில் அளவு நாடா வைத்திருந்தான்.

“அண்ணி, சௌக்கியமா? கீழ வாங்களேன், வெளிய நல்ல காத்து.”

“இங்கயே நல்லா இருக்கு” என்று ஜன்னல் வழியாகச் சொன்னாள்.

அவன் வண்டியைச் சுற்றி வந்தான். “அண்ணே, நாலு ரோடு சேர்ற இடத்துல இடம் பேசி வச்சிருக்கேன். சக்கரத்தக் கழட்டிட்டு செங்கல் மேல உக்கார வச்சிட்டா லீக்காவது ஒண்ணாவது. இந்தப் பக்கம் பூரா வெட்டி எடுத்துட்டு ஜூஸ் கவுண்டர். இந்தப் பெரிய ஜன்னல் இருக்கு பாருங்க, இதுலதான் மிக்ஸிய வரிசையா வைக்கணும்.”

அவளுடைய ஜன்னலின் நீளத்தை அவன் வெளியிலிருந்து நாடாவால் அளந்தான். உள்ளே கண்ணாடியை ஒட்டி அவள் முகம் இருந்தது. “ஏழடி” என்றான் அவளைப் பார்த்து, அவளுக்கும் மகிழ்ச்சியாக இருக்கும் என்ற நினைப்பில்.

அண்ணன்காரர் முன்பக்கச் சக்கரத்துக்குப் போனார். “கைமாத்தும்போது தண்ணிய எடுத்துட்டுத்தான் குடுக்கணும். இங்க வா, காட்டறேன்” என்றார். விற்கிற நேரத்திலும் பாடம் எடுப்பதை விடவில்லை. லீக் தேடுவதை நிறுத்தியாயிற்று, இனி மூடியிருப்பதைத் தொடலாம்.

முன்பக்க வளையத்தை இழுத்தார். ஒன்றரை மாதத் தண்ணீர் பழுப்பு நிறத்தில் காறித் துப்பியது போலச் சரளையில் தெறித்தது. “பாத்தியா, இதான். விட்டா துரு பிடிச்சிடும்.” எதிர் முன்பக்கம், அதேதான். எதிர்ப் பின்பக்கத்தில் இன்னும் அதிகம், தம்பியின் பேண்ட்டில் பட்டது. கடைசியாகக் கதவுப் பக்கம் வந்து, படியருகே தொங்கிய வளையத்தை இழுத்தார்.

சுத்தமான, காய்ந்த காற்று மட்டும் வந்தது.

விட்டுவிட்டுத் திரும்ப இழுத்தார். குனிந்து உள்ளங்கையை அடியில் நீட்டினார். கை காய்ந்திருந்தது. வண்டி அவர் கண் முன்னால் கதவுப் பக்கமாக நாலு விரல் இறங்கி நின்றது.

“தண்ணி எங்க போச்சு?” என்றார்.

“தண்ணி இல்லன்னா நல்லதுதானண்ணே.”

“லீக்குன்னா காத்து போகும். தண்ணி போகாதுடா. தண்ணி அடியில கிடக்கும். அடியில யாராவது திறந்து விட்டாத்தான் போகும்.” அவர் குரல் சன்னமாக இருந்தது. கண் வளையத்திலிருந்து படிக்கு ஏறியது. படியின் ஓரத்தில் குடை சாய்ந்து நின்றது. அதன் கைப்பிடி வளைவில் ஒரு கோடு, கம்பி தேய்த்த கோடு.

“ஒரு மாசமா மழையே இல்ல” என்று குடையைப் பார்த்துச் சொன்னார்.

அவள் வாசலுக்கு வந்து நின்றாள்.

“நீ திறந்தியா?”

முதல் முறையாக அவளை நேராகக் கேட்டார்கள். முப்பத்தொரு வருஷ அனுபவத்தில் இதற்கு ஒரு வாக்கியமும் அகப்படவில்லை.

“ஆமாங்க.”

“தெனமுமா?”

“நீங்க குளிக்கப் போறப்ப.”

அவர் சக்கர வளைவின் மேல் கையை வைத்துக்கொண்டார். “மூணு வாரம். பைய மாத்தினேன், வால்வ மாத்தினேன், வண்டியத் திருப்பிப் போட்டேன். காது செத்துப்போச்சுன்னு உன் கையில வாட்ச குடுத்தேன். பின்னாடி நின்னு பிடிச்சிக்கிட்டே இருந்தியேம்மா.” அவருக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டார், இப்படித்தான் மெதுவாகப் பேசுவார். கத்தினால் தேவலை என்றிருக்கும்.

“நான் அடியில இருக்கும்போது இழுத்திருந்தா?”

“செருப்பப் பாத்துட்டுத்தான் இழுப்பேன்.”

அவர் தன் காலில் கிடந்த செருப்பைப் பார்த்தார்.

“எதுக்கு?” என்றார் கடைசியில்.

சொல்வதைவிடக் காட்டுவது சுலபமாக இருந்தது. அவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒரு படி உட்கார்ந்து, அடுத்த படிக்கு நகர்ந்து, கடைசிப் படியில் இடது காலை முதலில் ஊன்றி, வலது காலை அதன் பின்னால் இழுத்து வைத்துத் தரையில் நின்றாள். கொழுந்தன் எதிரில் இப்படி இறங்க வெட்கமாக இருந்தது. அவன் நாடாவை உள்ளே இழுத்துச் சுருட்டுவதில் மும்முரமாக இருப்பது போல நடித்தான்.

“ரெண்டு மாசமா இந்த முட்டி இப்படித்தான். சொன்னா வித்துடுவீங்க. நீங்க சொன்ன வார்த்த. அதான் சொல்லல.”

“அப்படின்னா அண்ணே, பொண்ணு வீடுதான் சரி” என்றான் கொழுந்தன், நல்லெண்ணத்தோடு. “லிஃப்ட் இருக்கு. படியே இல்ல.”

“நீ சும்மா இரு” என்றாள் அவள். அந்தக் குரலை அவன் கேட்டதில்லை. புகார் ஜன்னலின் இரண்டு பக்கத்திலும் யாரும் கேட்டதில்லை. “ஏறி இறங்க முடியலன்னு நான் சொல்லவே இல்ல. முடியுது. நாலு விரல் குறைச்சலா இருந்தா முடியுது. இந்த ஜன்னல விட்டுட்டு நான் எங்கயும் வரமாட்டேன். இதுல மிக்ஸி வைக்கக் கூடாது. இது என் புகார். எழுதிக்கிறதா இருந்தா எழுதிக்கோங்க.”

மைதானத்தில் யாரோ எங்கோ ஒரு பக்கெட்டைக் கவிழ்த்த சத்தம் கேட்டது. பாம்புக்காது தலையைக்கூடத் திருப்பவில்லை. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டைகளை முட்டுக் கொடுத்து, வண்டிக்கு அடியில் போனார். போய் வெகுநேரம் வரவில்லை. செருப்புகள் மட்டும் வெளியே கிடந்தன. அவள் அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வலித்தது, ஆனாலும் உட்காரவில்லை.

“அப்ப லீக்கே இல்ல” என்று அடியிலிருந்து குரல் வந்தது.

“இல்லீங்க.”

“இல்லாத லீக்க எவன் காதாலயும் கேக்க முடியாது.”

“முடியாதுங்க.”

“ம்.” பிறகு, “டிப்போல கடைசி நாலு வருஷம் வந்த பஸ்ஸெல்லாம் ஸ்டாப்புல குனியும். கதவுப் பக்கம் காத்த இறக்கி, ஆள் ஏறினதும் நிமிரும். முடியாதவங்களுக்குன்னு அந்த வால்வ எத்தன பஸ்ல நானே மாட்டியிருப்பேன். முட்டி வலிச்சா வீட்டுல கிடங்கன்னு எந்தப் பாசஞ்சர்கிட்டயும் சொன்னதில்ல.” ஸ்பேனர் ஒன்று சரளையில் உருண்டது. “டேய், அந்த அட்டப்பெட்டியக் கொண்டா. உன் வேன்ல காத்துக் குழாய் இருக்கும்ல, ரெண்டு முழம் வெட்டிக் குடு.”

“என் ஜூஸ் கடண்ணே?”

“வேற பஸ் பாரு.”

மூன்று மணிக்கு வேலை முடிந்தது. படிக்கு உள்பக்கம், கைக்கு எட்டுகிற இடத்தில், கழற்றிப்போட்ட சாமான்களிலிருந்து எடுத்த ஒரு சின்னக் கைப்பிடி வால்வு உட்கார்ந்திருந்தது. தண்ணீர் எடுக்கிற வளையம் தண்ணீருக்கு மட்டும் என்று ஆயிற்று. கொழுந்தன் ஏழடி என்று எழுதிய தாளைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டு, டீ குடித்துவிட்டுக் கிளம்பினான். மறுநாள் மூட்டு டாக்டரிடம் போவது என்றும் முடிவானது. அதற்கு அவள் “பாக்கலாம்” என்றாள். அவர் அந்த வாக்கியத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. “பத்து மணிக்கு” என்றார்.

பிறகு இன்ஜினை ஓட்டி வண்டியை மட்டமாக்கி, அணைத்துவிட்டு, படிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பழக்கதோஷத்தில் ரப்பர் டியூபைக் காதில் வைத்து, மறுமுனையைப் படியின் கீலில் பிடித்தார்.

“இறங்கு, பாக்கலாம்.”

அவள் கைப்பிடியைத் திருப்பினாள். புஸ்ஸென்று காற்று போய் வண்டி நாலு விரல் குனிந்தது. உட்காராமல், நின்றபடியே ஒவ்வொரு படியாக வந்தாள். கடைசிப் படியிலிருந்து காலைத் தரையில் ஊன்றினாள்.

டக்.

அவர் தலை ஒருபக்கமாகச் சாய்ந்தது. டியூபின் முனையைக் கீலிலிருந்து எடுத்தார். காற்றில் கொஞ்சம் அங்கும் இங்கும் நகர்த்தி, மெதுவாகக் கொண்டுவந்து அவள் முழங்காலின் மேல் வைத்தார்.

“கொஞ்சம் மடக்கு.”

மடக்கினாள்.

“இதானா அது” என்றார்.

“அதாங்க.”

அவர் டியூபை எடுக்கவில்லை. குனிந்த தலை நிமிரவும் இல்லை. “மூணு தடவ எண்ணெய் போட்டேன் அந்தக் கீலுக்கு” என்றார். “சத்தம் கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சு. வண்டின்னு எழுதி வச்சிட்டேன்.”

அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிடித்துக்கொள்ள வேறு எதுவும் பக்கத்தில் இல்லை என்பதும் ஒரு காரணம்.

“சரி, ஏறு” என்றார் அவர், டியூபைச் சுருட்டிக்கொண்டே. “இன்னும் ஒரு விரல் இறக்கிப் பாக்கலாம்.”